30 செ.மீ. சுக்கானும் 50 செ.மீ. சுக்கானும்

மலேசியாவின் மெர்சிங்குக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை. மதியம் தாண்டினால் கடலிலிருந்து கரைப்பக்கம் காற்று எழும். பாய் கட்டிய கயாக்கில் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரை திரும்புவதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், அப்படித் திரும்பும்போதுதான் படகு சொல் கேட்காமல் போனது. பின்னால் வந்த அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. கால் மிதியை முழுக்க அழுத்தினேன். பயனில்லை. படகு குறுக்கே திரும்பி அடுத்த அலையை விலாவில் வாங்கியது. கவிழவில்லை என்றாலும் கரை சேரும்வரை கை நடுங்கியது.

துடுப்பு போடுவதற்கென்று செய்த படகு அது. சுக்கான் பலகை அடிப்பாகத்திலிருந்து 30 செ.மீ.தான் கீழே இறங்கும். அகலம் 12 செ.மீ. அலை பின்பக்கத்தைத் தூக்கியதும் பலகை தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடுகிறது. வெறும் காற்றில் ஆடும் சுக்கானால் எதைத் திருப்ப முடியும்?

பெரிய பலகை செய்ய வேண்டும் என்று கரையில் அளந்துகொண்டிருந்தபோது மீனவர் ஒருவர் வந்து பார்த்தார். "பாக்சிக், இது போதுமா?" என்று கேட்டேன். சுக்கானை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அணியத்தில் நான் வைத்திருந்த 10 லிட்டர் தண்ணீர்த் தோம்பைக் காட்டி, முதலில் அதைப் பின்னால் கொண்டுபோ என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. முன்பக்கம் ஆழ அமுங்கினால் படகு ஓயாமல் காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பும். நாம் சுக்கானைச் சாய்த்தபடியே போக வேண்டும். 15 பாகை சாய்ந்து நிற்கும் சுக்கான் ஒரு பிரேக்தான். சுமையைப் பின்னுக்கு நகர்த்தி, பாய்மரத்தையும் சற்று முன்னால் சாய்த்ததில் பாதித் தொல்லை தீர்ந்தது, ஒரு ரிங்கிட் செலவில்லாமல்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கயிறு. மிதியைக் காலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சுக்கானைக் கையால் ஆட்டிப் பாருங்கள். என்னுடையது இரண்டு விரல் அகலம் ஆடியது. நைலான் கயிறு நீண்டு கொடுக்கும். 3 மி.மீ. டைனீமாவுக்கு மாற்றினேன். அந்தக் கயிறு வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு வழுக்கிவிடும். நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னுவதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பலகை வேலை அதற்குப் பிறகுதான். நவம்பர் முதல் மார்ச்வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். கயாக்கைக் கடலில் இறக்குவதே இல்லை. அந்த மாதங்களில் மெராந்தி பிளைவுட்டை இழைத்தேன். வடிவத்துக்கு, அமெரிக்காவின் நாக்கா அமைப்பு விமான இறக்கைகளுக்காக ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட வரிசையிலிருந்து 0012 என்பதை எடுத்துக்கொண்டேன். கடைசி இரண்டு எண்கள் தடிமனைக் காட்டும்: அகலத்தில் 12 விழுக்காடு. 15 செ.மீ. அகலத்துக்கு 18 மி.மீ.; பிளைவுட்டும் அதே தடிமனில் கிடைத்தது. மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து நாலரை செ.மீ. தள்ளி வர வேண்டும். பின்விளிம்பைக் கத்திபோலத் தீட்டாதீர்கள், 2 மி.மீ. தட்டையாக விடுங்கள், கூராக்கினால் எளிதில் பிய்ந்துபோகும். மேலே கண்ணாடி இழைத் துணியும் எபோக்ஸியும்.

புதுப் பலகை 50 செ.மீ. இறங்குகிறது. பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் அதே வேகத்தில், சுக்கானைப் படகோடு பிணைக்கும் பின்பக்கப் பிடி தாங்க வேண்டிய வளைவு விசை ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். என் படகு பாலிஎதிலீன். அதில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. பின் மூடி வழியாகக் கையை விட்டு, உள்ளே ஒரு தடித்த தகட்டை வைத்து, 316 துருப்பிடிக்கா எஃகு போல்ட்டுகளால் பிடியை முடுக்கினேன். பிடி அலுமினியம் என்பதால் எஃகு தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர். இல்லாவிட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப் போகும்.

ஒரு தவறு செய்தேன். பலகையைக் கீழே நிறுத்தும் ஆணியையும் எஃகிலேயே போட்டேன். மெர்சிங் ஆற்று முகம் ஆழமில்லாதது. தியோமான் தீவுக்குப் போகும் படகுகளே நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் புறப்படும். நீர் வடிந்திருந்த ஒரு மாலை, பலகை மணல் திட்டில் இடித்தது. ஆணி அசையவில்லை, பிடி பிய்ந்துகொண்டு வந்தது. இப்போது அந்த இடத்தில் 6 மி.மீ. நைலான் போல்ட் இருக்கிறது. இடித்தால் அது முறியும், பலகை மேலே மடங்கும், படகு தப்பிக்கும். இதுவரை இரண்டு முறை முறிந்திருக்கிறது. உதிரிகள் மூன்று, மிதவைச் சட்டைப் பையில், நூலில் கோத்துக் கட்டியபடி.