விருந்தோம்பற் கல்வியும் மலையூர் இளைஞரும்

விருந்தோம்பலும் மலைப்பயணமும் பயின்றோர்க்கு ஓட்டல் வேலை ஒன்றே கதி என்று, யோசனை கேட்க வரும் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, வழிகள் மூன்று உள.

முதலாவது, விடுதிப் பணி. சமையல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு ஆகியவற்றில் பயிற்சியாளராய்ப் புகுந்து, அனுபவத்தால் மேலாளராய் உயரலாம்.

இரண்டாவது, சொந்த ஊரிலேயே விருந்தினர் இல்லம் நடத்துதல்.

மூன்றாவது, மலையேற்ற வழிகாட்டி. டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் நிறுவப்பெற்ற நிலையங்கள் மலையேற்றப் பயிற்சி அளிக்கின்றன. மூன்றனுள் இதுவே பெரும் பொறுப்புடையது. 2018 மார்ச்சில், தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். காற்றின் போக்கும் காய்ந்த புல்லின் இயல்பும் மலையூர்ப் பிள்ளைகள் அறிந்தவை. அவ்வறிவோடு முதலுதவிப் பயிற்சியும் சேருமாயின், பிறர் உயிரும் காக்கப்படும்; தம் பிழைப்பும் ஊரிலேயே அமையும்.