டிஸ்னிலேண்டின் காலித் தடமும் ஒரு எக்ஸெல் பாடமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, வீட்டில் இருப்பவனுக்கு அது எதற்கு?" மளிகைக் கணக்கு, பால் கணக்கு என்று பதில் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த மாதம் வேறு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொழுதுபோக்குப் பூங்காவைப் புதுப்பிக்கிறவர்கள் போடும் கணக்கு. பூங்கா பார்க்க அழகாக இருக்க வேண்டும். கூட்டம் தேங்காமல் நகர வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதைப் பதினோரு வரி கொண்ட ஒரு ஒர்க் ஷீட்டில் பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கை நான் கல்லூரியில் கற்கவில்லை. அவமானப்பட்டுக் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பூங்காவின் நுழைவாயிலைப் புதுப்பித்தார்கள். டிக்கெட் கவுண்டருக்கான சாஃப்ட்வேரை எங்கள் குழு எழுதியது. திரையை வடிவமைத்தது நான். வாயில் அலங்காரத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அனிமேஷன். எல்லோரும் பாராட்டினார்கள். பழைய திரையில் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் கொடுக்க 20 விநாடி ஆனது. என் திரையில் 35 விநாடி. பதினைந்து விநாடிதானே என்று நினைத்தேன். முதல் விடுமுறை நாளன்று பதினோரு மணி வெயிலில் வரிசை சாலை வரை நின்றது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சில குடும்பங்கள் உள்ளே வராமலே திரும்பிப் போயின. புது வாயில் மட்டும் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

சரி, கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள கால்க் புரோகிராமிலும் இதை அப்படியே செய்யலாம். புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, 'ஏ' காலத்தில் கீழ்க்கண்ட தலைப்புகளை வரிசையாக டைப் செய்யுங்கள். ஏ1: வண்டிகளுக்கு இடையே எத்தனை விநாடி. ஏ2: ஒரு வண்டியில் எத்தனை பேர். ஏ3: மணிக்கு எத்தனை பேர் ஏறலாம். ஏ4: ரைடு எத்தனை நிமிடம். ஏ5: ஒரே நேரத்தில் ரைடுக்குள் இருப்பவர்கள்.

இப்போது 'பி' காலம். பி1-ல் 18, பி2-ல் 12, பி4-ல் 16 என்று கொடுங்கள். இவை பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். எந்தப் பூங்காவின் உண்மைக் கணக்கும் அல்ல. பி3-ல் ஃபார்முலா வரவேண்டும். அந்த செல்லைக் கிளிக் செய்து, சமக்குறி போட்டு, 3600/ என்று அடியுங்கள். பிறகு மவுஸால் பி1-ஐக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, பி2-ஐக் கிளிக் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். அதாவது =3600/பி1*பி2. செல் பெயரைக் கையால் டைப் செய்வதானால் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். மவுஸால் கிளிக் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. விடை 2400. இதே முறையில் பி5-ல் =பி3*பி4/60 என்று கொடுங்கள். 640 என்று வரும்.

பி5-க்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, அவர்கள் வரும் வேகத்தையும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ஹோட்டல், வங்கி, பஸ் நிலையம் எதற்கும் இது பொருந்தும். பூங்காவுக்கு இதனால் என்ன என்கிறீர்களா? நீண்ட நேரம் மெதுவாக ஓடும் ஒரு ரைடு, கூட்டத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பாத்திரம். அந்த 640 பேரும் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நடைபாதையில் இடித்துக்கொண்டு நிற்கவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்ட். அங்கே டுமாரோலேண்ட் என்ற பகுதியில் 1967-ல் பீப்பிள்மூவர் என்ற ரைடைத் திறந்தார்கள். தலைக்கு மேலே உயரமான தடத்தில் சிறு வண்டித் தொடர்கள் ஊர்ந்து போகும். வண்டியில் மோட்டார் கிடையாது. தடத்தில் பதித்த டயர்கள் சுழன்று வண்டியைத் தள்ளிவிடும். ஏறும் இடத்தில் வண்டி நிற்பதே இல்லை. வண்டியின் வேகத்திலேயே சுழலும் மேடை ஒன்றில் நின்று ஏறிக்கொள்ள வேண்டும். சுற்றி வர 16 நிமிடம். சிலிர்க்க வைக்கும் ரைடு இல்லைதான். ஆனால் கீழே நடப்பவர்களுக்கு மேலே எப்போதும் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். எதிர்கால நகரம் என்ற தோற்றத்தை உண்டாக்கியதில் அந்த அசைவுக்கும் பெரிய பங்கு உண்டு. அழகும் கூட்டக் கணக்கும் ஒரே ரைடில் அமைந்திருந்தன.

1995-ல் அதை மூடினார்கள். டுமாரோலேண்டைப் பெரிதாக மாற்றியமைக்கும் திட்டம் ஒன்று முன்பே இருந்தது. ஆனால் பாரிஸ் அருகே 1992-ல் திறந்த பூங்கா பெரும் நஷ்டத்தில் ஓடியதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. குறைந்த செலவில் செய்த புதுப்பித்தல் 1998 மே மாதம் திறக்கப்பட்டது. பீப்பிள்மூவர் ஓடிய அதே தடத்தில் இப்போது ராக்கெட் ராட்ஸ் என்ற வேக வண்டி. 16 நிமிடப் பயணம் சுமார் 3 நிமிடமாகச் சுருங்கியது.

நம் ஒர்க் ஷீட்டில் இதைப் பார்ப்போம். பி1 முதல் பி5 வரை மவுஸால் இழுத்து செலக்ட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் சி எழுத்தை அழுத்திக் காப்பி செய்யுங்கள். சி1-ல் கிளிக் செய்து, கண்ட்ரோல் கீயுடன் வி எழுத்தை அழுத்துங்கள். ஃபார்முலாக்கள் தாமாகவே 'சி' காலத்துக்கு மாறிக்கொண்டதைக் கவனித்தீர்களா? புதியவர்களுக்கு எக்ஸெல் மேல் மரியாதை வரும் இடம் இதுதான். சி4-ல் 16-ஐ அழித்து 3 என்று கொடுங்கள். சி5 உடனே 120 ஆகிவிடும். மணிக்கு ஏறுபவர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. ஆனாலும் 520 பேர் பாத்திரத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். வேக வண்டியில் இருக்கைகளும் குறைவாகவே இருக்கும் என்று சி2-ல் 6 கொடுங்கள். சி3 1200 ஆகும். சி5 வெறும் 60. பழைய ரைடோடு ஒப்பிட்டால் 580 பேர் வெளியே.

வெளியே வந்தவர்கள் எங்கே போவார்கள்? இன்னும் மூன்று வரி சேருங்கள். ஏ6: மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள். ஏ7: மூன்று மணி நேரத்துக்குப் பின் வரிசையின் நீளம். ஏ8: காத்திருக்கும் நிமிடம். பி6, சி6 இரண்டிலும் 1500 கொடுங்கள். சி7-ல் =(சி6-சி3)*3; சி8-ல் =சி7/சி3*60. அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள், மறந்தால் விடை தாறுமாறாகிவிடும். வரிசையில் 900 பேர், காத்திருப்பு 45 நிமிடம் என்று வரும். இதே ஃபார்முலாக்களை பி7, பி8-ல் போட்டால் மைனஸ் எண் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். வரிசையே இல்லை என்று அதற்குப் பொருள். வண்டி கொஞ்சம் சிறியதானால் காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. வருகிறவர்கள் ஏற்றும் அளவைத் தாண்டாத வரை ஒன்றும் தெரியாது. தாண்டிய நிமிடத்திலிருந்து வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

இனி செலவு. ராக்கெட் ராட்ஸ் கதையில் என் மனதில் நிற்பது வளைவுகள்தான். பழைய தடம் மெதுவான வண்டிக்காகக் கட்டியது, வளைவுகள் தட்டையானவை. வேகமாக ஓட்டுவதானால் வளைவில் தடத்தைச் சாய்க்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அதனால் வண்டி நேர்ப்பாதையில் பாய்ந்து, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டு வேகம் குறைந்து, மறுபடி பாய வேண்டியிருந்தது. நாள் முழுவதும் இப்படியே ஓடினால் எந்த வண்டிதான் தாங்கும்? அடிக்கடி பழுதானது. 2000-ல் நிறுத்தினார்கள், மறுபடி திறக்கவே இல்லை. காலித் தடம் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அசைவால் அழகு சேர்த்த தடம், அசையாமல் நின்றபோது கண்ணை உறுத்துவதாகிவிட்டது.

ஏ9: செலவு. ஏ10: ஆண்டில் ஓடும் நாட்கள். ஏ11: ஒரு பயணிக்குச் செலவு. இந்த முறை 'பி' காலத்தைத் தடத்தையும் சரிசெய்து கட்டிய ரைடு என்றும், 'சி' காலத்தை மலிவாக முடித்த ரைடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பி9-ல் 60 கோடியும் சி9-ல் 40 கோடியும் எண்களாக அடியுங்கள். சைபர்களை எண்ணிப் போடுங்கள், கோடிக்கு ஏழு. பி10-ல் 340, அடிக்கடி பழுதாகும் 'சி'க்கு 200. தினம் பத்து மணி நேரம் எல்லா இருக்கையும் நிரம்பி ஓடுகிறது என்றால் பி11-ல் =பி9/(பி3*10*பி10). இதை சி11-க்குக் காப்பி செய்யுங்கள். முதல் ஆண்டுக் கணக்கில் 'பி' சுமார் 74 ரூபாய், 'சி' சுமார் 167 ரூபாய். மிச்சம் பிடித்த 20 கோடி எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

டிஸ்னிலேண்டுக்கு எதிரே 2001-ல் திறந்த கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான். சிக்கனமாகக் கட்டினார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2007-ல் 110 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்போவதாக அறிவித்து, நுழைவாயில் உட்பட பலவற்றை மாற்றி 2012-ல் முடித்தார்கள்.

அழகு என்ற பெயரில் வழியை அடைப்பதும் உண்டு. அதே 1998-ல், உயரமான மேடையில் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட் ரைடுக்குப் பதிலாக, ஆஸ்ட்ரோ ஆர்பிட்டர் என்ற புதிய ரைடை டுமாரோலேண்டின் வாசலிலேயே தரையில் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். ஆனால் பெரிய கூட்டம் நுழையும் கழுத்தில் ஒரு பெரிய பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது.

2019-ல் இதற்கு எதிர்த்திசையில் போனார்கள். ஸ்டார் வார்ஸ் பகுதி அந்த ஆண்டு மே 31 அன்று திறக்கவிருந்தது. அதற்கு வரும் கூட்டத்துக்காக டிஸ்னிலேண்ட் முழுவதும் நடைபாதைகளை அகலப்படுத்தினார்கள். செடித்தொட்டிகளையும் பாத்திகளையும் குறைத்தார்கள். மே 1 முதல் குழந்தைகளின் தள்ளுவண்டி 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியும் வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துத் தரையைப் பெயர்க்கும்போதே, காசே செலவாகாத ஒரு விதியாலும் கொஞ்சம் அகலம் சம்பாதித்தார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் செடிப்பாத்தியை எடுப்பது இலவசம் இல்லை. பத்து மீட்டர் பாதையில் இரண்டு மீட்டர் பாத்தியை எடுத்தால் நடக்கும் இடம் எட்டிலிருந்து பத்தாகி 25 சதவீதம் கூடும் என்று ஒர்க் ஷீட் சொல்லும். அந்தப் பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பாட்டி எங்கே போவார், நிழல் எங்கே போகும் என்பதற்கு அதில் வரி இல்லை. நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ரோலர்கோஸ்டர் டைகூன் என்ற கேமை விளையாடச் சொல்லுங்கள். 1999-ல் வந்தது, கிறிஸ் சாயர் என்பவர் பெரும்பகுதியை அசெம்பிளி மொழியில் எழுதினார். பாதை குறுகினாலோ வரிசை நீண்டாலோ கேமில் வரும் ஆட்கள் முணுமுணுப்பார்கள்.

என் டிக்கெட் திரைக்கு வருகிறேன். அன்று இரவு இதே ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். நான்கு கவுண்டர், மணிக்கு 600 குடும்பங்கள் வந்தன. 20 விநாடி என்றால் மணிக்கு 720 டிக்கெட், வரிசையே வந்திருக்காது. 35 விநாடி என்றால் 411. இரண்டு மணி நேரத்தில் 377 குடும்பங்கள் வெயிலில். கடைசியில் நிற்பவருக்கு 55 நிமிடம். மேலாளரிடம் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. "இதை முன்னாடியே போட்டிருக்கலாமே தம்பி" என்றார். அது திட்டை விட வலித்தது. மறுநாள் அனிமேஷனை எல்லாம் எடுத்துவிட்டு, அதிகம் விற்கும் நான்கு டிக்கெட்டுகளுக்குப் பெரிய பட்டன்கள் மட்டும் வைத்தேன். 18 விநாடிக்கு வந்தது. கவுண்டருக்கு மேலே வெளிப்பக்கம் வரைந்திருந்த யானைக் குட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. வரிசையில் நிற்கும் குழந்தைகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபைலை சேவ் செய்ய மறக்காதீர்கள். கண்ட்ரோல் கீயுடன் எஸ் எழுத்தை அழுத்தி, 'பூங்கா' என்று பெயர் கொடுங்கள். பிறகு சி1-ல் 18-ஐ மட்டும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த விநாடியில் சி7 மைனஸுக்குப் போகிறது என்று பாருங்கள்.