மூச்சுக்கு அவசரம், எலும்புக்கு நிதானம்

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். சர்க்கரை எட்டிப் பார்த்த பயத்தில், 52 வயதில் அங்கே ஓட ஆரம்பித்தேன். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் புது ஷூவோடு ஒரு கூட்டம் வரும். பங்குனி பிறப்பதற்குள் அதில் பாதிப் பேரைக் காணோம். சோம்பேறிகள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை, அவர்களில் பலர் ஆசை அதிகமாகி, காலைக் கெடுத்துக்கொண்டு நின்றவர்கள். அவர்களை நிறுத்திவைத்துச் சொல்ல முடியாததை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் வயது பார்க்காமல் போய்க் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சை அழுத்தினால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், கண் இருட்டினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துச் சமாளிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. நடையில் ஆரம்பியுங்கள். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல், ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை ஓடவைக்க ஒரு முறை வகுத்தார். இன்று உலகம் முழுக்கப் புதியவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம், ஐந்து நிமிஷம் வேக நடை. பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள். வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தால், ஒன்பது வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடலாம். ஒரு வாரத்துப் பாடம் வரவில்லையா? அதே வாரத்தைத் திரும்பப் படியுங்கள். ஒன்பது வாரம் பதினைந்து வாரமானால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

3. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். கூட ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் நடந்த கதையை முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிந்தால் சரி. வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வெட்கம் வேண்டாம். என்னை ஒரு பாட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு மாதம் நடந்தே தாண்டிப் போனார்.

4. இரண்டாவது மாதத்துக்குப் பயப்படுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஓட ஆரம்பித்தால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டிவைக்கிற நாண்களும் பழகப் பல மாதம் பிடிக்கும். புதிய பாரம் விழும்போது எலும்பு பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது நடுவில் கூரையில்லாத நாட்கள் வருமே, அதே கதை. சரியாக அந்த நாட்களில்தான் மூச்சு, "போகலாம், போகலாம்" என்று விரட்டும்.

நானும் மாட்டினேன். ஏழாவது வாரம், ஒரு கல்லூரிப் பையன் என்னைத் தாண்டிப் போனான். விட மனசில்லை. மூன்று சுற்று அவனோடு ஓடினேன். மூச்சு கொஞ்சமும் தடுமாறவில்லை. நாலாவது நாள் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் ஊசி குத்துகிற வலி. மெல்லிய விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் குளத்துச் சுவரில் உட்கார்ந்து மைய மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். இடிப்பது ஓடும் நாளில், கட்டுவது ஓய்வு நாளிலும் தூக்கத்திலும். ஓய்வு நாளில் சும்மா இருக்க முடியாதவர்கள் பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணத்தைப் பதினைந்து போடுங்கள். படியின் ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்குவது பதினைந்து. தொடையும் கெண்டைக்காலும் பலப்பட்டால் மூட்டுக்குப் பாரம் குறையும்.

6. வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். இரண்டு தொடையிலும் பரவலாக, மாடிப்படி இறங்கும்போது முனகவைக்கிற வலி இரண்டொரு நாளில் போய்விடும். அதோடு மெதுவாக நடக்கலாம். ஒரே காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஓட ஓட அதிகமாகிற வலி வேறு. அதற்கு மருந்து நிற்பதுதான். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

7. எட்டைச் சின்னதாக வையுங்கள். காலை முன்னால் நீட்டிக் குதிகாலை ஊன்றினால் ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டது போலாகும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். சின்ன எட்டு, அடிக்கடி. தோள் காதுவரை ஏறினால் இறக்கிவிடுங்கள். முஷ்டியை இறுக்காமல், உள்ளங்கையில் ஒரு முட்டையை உடையாமல் பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விலை அதிகமானால் நல்லது என்று நினைக்காதீர்கள். கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பார்த்து, உறுத்தாததை எடுங்கள். எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஜெயித்தார். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஜெயித்தார். ஓட்டம் காலில் இருந்தது. ஆனால் அவரைப் பார்த்து நாமும் முதல் நாளே வெறுங்காலோடு தார்ரோட்டில் இறங்கக்கூடாது. செருப்பில் வளர்ந்த பாதத்துக்கு அதுவும் ஒரு புதிய பாரம்.

9. வெயிலோடு போட்டி போடாதீர்கள். பங்குனி முதல் ஆனிவரை, விடியும் முன்பே ஓடி முடித்துவிடுங்கள். புழுக்கமான நாளில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அன்றைக்கு வேகம் குறைந்தால் குறையட்டும். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் கொடுங்கள். அரைமணி ஓட்டத்துக்குப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் போதும். தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். தலை சுற்றல், குமட்டல், வெயிலிலும் சில்லிடுகிற உணர்வு, பேச்சுக் குழறல் வந்தால் நிழலில் உட்கார்ந்து தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள்; தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிதான்.

10. ஓடியதற்குக் கூலியாகச் சாப்பிடாதீர்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 70 கலோரி. மூன்று கிலோமீட்டருக்கு 210. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதை ஒரே உட்காரலில் திருப்பிக் கொடுத்துவிடும். எடை குறைவது அடுப்படியில். ஓட்டத்தின் பலனைத் தூக்கத்திலும் மூச்சிலும் தேடுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.

11. ரோட்டில் ஓடினால் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓடாதீர்கள்; அதை நீங்கள் ஜெயிக்க முடியாது. நின்று, அதன் கண்ணை முறைக்காமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

12. இது என் வீட்டம்மா எழுதச் சொன்னது. பெண்கள் ஷூவுக்குச் செலவழிக்கும் முன், ஓட்டத்துக்கென்றே தைத்த இறுக்கமான உள்ளாடை வாங்குங்கள். இருட்டோடு வருவதானால் இரண்டு பேராக வாருங்கள். எத்தனை வாரம் ஓடியும் மூச்சு வாங்குவது குறையவில்லையென்றால், "நமக்கு இவ்வளவுதான்" என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். அவள் பார்த்தபோது எட்டு இருந்தது. சோர்வாக இருப்பதுதான் தன் சுபாவம் என்று இருபது வருஷம் நினைத்திருந்தாள்.

13. முதல் மூன்று மாதம் கைக்கடிகாரம் ஓட்டத்தையும் நடையையும் மாற்ற மட்டும்; ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்காதீர்கள். பிப்ரவரியில் ஆரோவில்லில் ஒரு மாரத்தான் நடக்கும். செம்மண் பாதை, மரநிழல். யார் முதலில் வந்தார் என்று கணக்கெடுக்க மாட்டார்கள், பரிசும் கிடையாது. பந்தயம் ஓட ஆசை வந்தால் அப்படி ஒன்றில் ஆரம்பியுங்கள்.

14. இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று கால் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்போதே இலையை மடிக்கச் சொல்வார் என் அப்பா. அந்த ஒரு சுற்று குளக்கரையிலேயே இருக்கட்டும். நாளை மறுநாள் உங்களை எழுப்பிக் கூட்டிவர அது போதும்.