கொல்லைக்காட்டுக்கு எந்தக் கத்தி?

காட்டில் இரவு தங்கிப் பழக வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகள் பையிலிருந்து முதலில் எடுத்துக் காட்டுவது கத்தியைத்தான். பெரும்பாலும் இணையத்தில் வாங்கியதாக இருக்கும். அலகில் கறுப்புச் சாயம், முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சி வைக்க ஒரு குழல். நான் குறை சொல்வதில்லை. எங்கள் கொல்லை ஓரத்துச் சீமைக்கருவேலப் புதருக்கு அழைத்துப்போய், "இதுல நாலு பேர் படுக்க இடம் பண்ணுங்க தம்பி" என்பேன். கொஞ்ச நேரத்தில் கை முள் கிழித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் அரிவாளைப் பார்ப்பார்கள்.

அந்தக் கத்திகள் எல்லாமே மட்டம் என்பதல்ல. வேறு காட்டுக்குச் செய்தவை, அவ்வளவுதான். காட்டுவாழ்வுக் கலை என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவதில் பெரும்பகுதி வடதுருவத்தை ஒட்டிய குளிர்காடுகளில் பிறந்தது. கனடாவின் மோர்ஸ் கோசான்ஸ்கி அந்தக் கலையின் பெரிய ஆசான். உள்ளங்கை அகலத்துக்கு அலகு இருந்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தவர். சுவீடனின் மோரா ஊர்க் கத்திகளும் அந்தக் கணக்குதான்: ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அலகு, மெல்லிய கனம், நேர்சரிவாகத் தீட்டிய வாய். பைன், பிர்ச் போன்ற நேர்நார் மரங்களில் அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

அரியலூர்ப் பக்கத்து எங்கள் ரெட்டிபாளையத்தைச் சுற்றி நிற்பது என்ன? சீமைக்கருவேலம், உடை, வெள்வேல், பனை, வேம்பு, தைலமரம். கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக்கொல்லைகள். பாதிக்கு மேல் முள். காய்ந்த கருவேலங்கட்டை முறுக்கிய நாரும் முடிச்சுமாக இரும்பு மாதிரி கிடக்கும். தரையோ சுண்ணாம்புப் பூமி. டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் கிடந்தது. அதன் படிவுதான் இன்று அல்ட்ராடெக் ஆலைக்கும் சுற்றியுள்ள மற்ற சிமெண்ட் ஆலைகளுக்கும் கல்லாகப் போகிறது. சுண்ணாம்புக்கல் எஃகைவிட மென்மையானதுதான். ஆனால் மண்ணில் அதோடு கலந்து கிடக்கிற வெள்ளைக்கல் எஃகைவிடக் கடினம். தரையை ஒட்டி வெட்டினால் ஒரே வெட்டில் வாய் போய்விடும். ஆகவே எங்கள் ஊரில் புதரின் அடியைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டு என்பது முதல் பாடம்.

இந்தக் காட்டுக்கு ஒற்றைக் கத்தி போதாது. ஒரு அரிவாளும் ஒரு சின்னக் கத்தியும் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றே செய்யட்டும் என்று நடுத்தர அளவில் ஒரு தடிக்கத்தியை வாங்குகிறவர்களுக்கு வெட்டும் சரியாக வராது, சீவலும் சரியாக வராது.

அரிவாளில் நான் முதலில் பார்ப்பது மூக்கை. நுனி முன்னோக்கி வளைந்து இறங்கும் அந்த மூக்கு அழகுக்கு வைத்ததில்லை. முள் கிளையைக் கை வைக்காமல் இழுத்துப்போட அதுதான் கொக்கி. எடை அலகின் முன்பாதிக்குப் போவதால் வீச்சுக்கு வேகமும் கிடைக்கிறது. மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் வைத்திருக்கும் பாராங்கத்தியிலும் எடை முன்னால்தான். பச்சையும் கொடியும் நெருங்கிய காட்டில் மனிதன் எங்கே இருந்தாலும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறான். அலகு பத்து அங்குலம், முதுகு பிடி அருகே 6 மில்லிமீட்டர், மொத்த எடை முக்கால் கிலோவுக்குள். அதற்கு மேல் போனால் முதல் பத்து வெட்டு சுகமாக இருக்கும், பிறகு மணிக்கட்டு தளரும். தளர்ந்த கையில் இருக்கிற அரிவாள் அடுத்து முழங்காலைத் தேடும்.

வெட்டும்போது இடது கையில் கவட்டைக்கோல் ஒன்று இருக்கட்டும். கிளையை அதால் அமுக்கிப் பிடித்து, காலுக்கு வெளிப்பக்கமாக வெட்டு விழும்படி நில்லுங்கள். கருவேல முள் குத்தினால் சில நாள் வீங்கிக் கடுக்கும். உள்ளே முனை ஒடிந்து நின்றுவிட்டால் இன்னும் பாடு.

இனி இரும்பு. இங்கே எங்களுக்கு ஒரு வசதி உண்டு. கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போகிற டிப்பர்கள் ஓயாமல் ஓடுகிற ஊர். அரியலூரிலும் வி.கைகாட்டியிலும் லாரிப் பட்டறைகளில் கழித்த வில்பட்டைகள் கிடைக்கும். அந்த எஃகில் கரி அரை சதவீதத்துக்குச் சற்று மேலே. கூடவே சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ கலந்திருக்கும். வளைந்து நிமிரவே பிறந்த எஃகு, அரிவாளுக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒடிந்த பட்டையை வாங்காதீர்கள். ஒரு இடத்தில் ஒடிந்தது என்றால் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். அடிக்கும்போது மறைந்து, வெட்டும்போது தெறிக்கும். முழுப் பட்டையாக வாங்கி, நடுத்துளைப் பக்கத்தை விட்டு, ஓரத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள். சின்னக் கத்திக்கு லாரிப் பட்டை வேண்டாம். வேன், ஜீப் பட்டை மெலிது, ஆசாரிக்கு அடிக்கிற வேலை குறையும்.

எஃகின் பெயரைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறவர்கள் தோய்ச்சலைக் கேட்பதில்லை. என் அனுபவத்தில் கத்தியின் முக்கால் பங்கு குணம் தோய்ச்சலில்தான் இருக்கிறது. ஒரே பட்டையில் அடித்த இரண்டு அரிவாளில் ஒன்று காலத்துக்கும் நிற்கும், மற்றது முதல் கட்டையிலேயே வாய் மடங்கும். நான் போகிற பட்டறையில் ஒரு தடவை கேட்டேன், "தண்ணியா, எண்ணெயா ஆசாரி?"

"பட்டைக்குத் தண்ணி ஆகாது தம்பி, நெளியும், வெடிக்கும். எண்ணெயில வாயை மட்டும் நனைப்போம். முதுகு பச்சையாவே இருக்கட்டும்."

அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அலகை உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சுவார். காந்தத்தைக் காட்டினால் ஒட்டாத சூடு அது. அதைத் தாண்டி மஞ்சளாகப் பழுத்துப் பொறி பறந்தால் எஃகு கருகிப்போனது என்று அர்த்தம், அதைக் காப்பாற்ற முடியாது. காய்ந்த அலகின் வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்கி எடுப்பார். சட்டென்று ஒரு கல்லால் தேய்த்து வெள்ளி மாதிரி ஒரு பட்டை தெரியச் செய்வார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும், அதோடு நிறமும் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். சின்னக் கத்திக்கு வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழுசாக நனைத்து நிறுத்த வேண்டும். அரிவாளுக்குப் பழுப்பு கடந்து கத்தரிப்பூ எட்டும்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சளிலேயே நிறுத்திய அரிவாள் கருவேல முடிச்சில் பல் உதிரும். நீலம்வரை விட்ட சின்னக் கத்தியில் கூர் தங்காது. இதை ஆசாரியிடம் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேலை என்ன என்று சொன்னால் போதும், நிறத்தை அவர் பார்த்துக்கொள்வார். "நல்லா கெட்டியா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால்தான் பிழை நேர்கிறது.

சோதிக்க இரண்டு வழி போதும். ஒரு புது அரத்தை வாயில் லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கத்தி கெட்டி, மண்ணைப் பறிப்பது போல் பறித்தால் பச்சை. அரிவாளில் அரம் கொஞ்சம் பிடிக்க வேண்டும், சின்னக் கத்தியில் ஏறக்குறைய வழுக்க வேண்டும். அடுத்து, பித்தளைக் கம்பி ஒன்றின் மேல் வாயைச் சாய்த்து அமுக்குங்கள். வாய் லேசாக வளைந்து, கையை எடுத்ததும் நேராகிவிட்டால் தோய்ச்சல் பதம். வளைந்தபடி நின்றால் இளசு, நொறுங்கினால் முற்றல்.

எஃகு என்றதும் சிலர் கொடுமணலைச் சொல்வார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உலைகள் கிடைத்தன. மூசையில் உருக்கிய தென்னாட்டு எஃகு உலகப் புகழ் பெற்றது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடே அதன் குணத்தை அறிய ஆய்வு செய்தார். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த எஃகில் கரி ஒரு சதவீதத்துக்கு மேலே. வாள் வாய்க்கு உகந்த அந்தக் கடினம் கருவேலங்கட்டையில் அடிவாங்குகிற அரிவாளுக்கு வேண்டாம். இங்கே முறியாமல் தாங்குவதுதான் முதல் தேவை.

சின்னக் கத்திக்கு வருகிறேன். உங்கள் உள்ளங்கை அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக அலகு, முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டரில் தடியாகச் செய்தால் வெங்காயம்கூட அரியாது, பிளக்கத்தான் செய்யும். நுனி முதுகிலிருந்து மெல்லச் சரிந்து நடுக்கோட்டுக்கு வரட்டும். ஊசி நுனி மூங்கிலில் துளை போடும்போதே ஒடியும். முதுகில் ரம்பப் பல் வேண்டவே வேண்டாம். சீவும்போது கட்டைவிரலை வைக்க வேண்டிய இடம் அது; மூங்கிலைப் பிளக்கக் கட்டையால் தட்டுகிற இடமும் அதுதான். முதுகின் விளிம்பை மட்டும் உருட்டிவிடாமல் சதுரமாக விடச் சொல்லுங்கள். பொறிக்கோலில் இழுத்தால் அந்தக் கூர்விளிம்புதான் தீப்பொறி கொடுக்கும்.

கத்தியைத் தட்டி விறகு பிளப்பதைப் பிள்ளைகள் காணொளியில் பார்த்துவிட்டு வந்து கருவேலங்கட்டையில் முயல்வார்கள். அந்த முறுக்கு நாருக்கு அது சரிப்படாது, கத்தி மாட்டிக்கொள்ளும். காய்ந்த மூங்கில், தைலமரக் கிளை, பனைமட்டை ஆகியவை நேராகப் பிளக்கும். அடுப்பு மூட்டப் பனைமட்டைச் சிம்பும் பன்னாடையும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. மட்டையைத் தொடும் முன் இரண்டு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவி எறிந்துவிடுங்கள்.

அலகின் எஃகு பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும், பிடியின் பாதியில் நிற்கிற வால் எப்போது கழலும் என்று தெரியாது. இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துத் தறையாணி அடித்த பிடி நல்லது. அரிவாளுக்குப் பூண் போட்ட உருளைப் பிடி வழக்கம், ஆனால் முழு உருளையாக இருந்தால் இருட்டில் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. முட்டை வடிவில் செதுக்கச் சொல்லுங்கள், கடைசியில் ஒரு குமிழ் இருக்கட்டும். கருவேல வைரமோ புளிய வைரமோ போதும். பளபளவென்று வார்னிஷ் அடிக்காதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளங்கை நனையும்போது அது வழுக்கும். விளக்கெண்ணெய் தடவித் தடவி ஊறவிட்ட மரம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

துருப்பிடிக்காத எஃகு கூடாதா என்று கேட்பார்கள். கடலோரத்திலும் படகிலும் இருப்பவர்களுக்கு அதுவே நல்லது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும்தான் துரு பெரிய தொல்லை. மாங்காய், புளி, முந்திரிப்பழம் அறுத்தால் அலகு கறுக்கும், அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை. சிவப்புத் துருவை மட்டும் விடக் கூடாது. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் தீர்ந்தது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே வீட்டில் கத்தியை உறைக்கு வெளியே வைக்கிறேன். காட்டுக்கு எடுத்துப் போக, பிவிசி குழாயைச் சூடுகாட்டித் தட்டையாக்கி மடித்த உறைதான் என் விருப்பம். மழைக்கும் முள்ளுக்கும் அசையாது.

தீட்டுவதற்கு மோட்டார் சாணையைத் தேடிப் போகாதீர்கள். பொறி பறக்கப் பிடித்தால் வாய் நீலமாகி, ஆசாரி பார்த்துப் பார்த்துக் கொடுத்த தோய்ச்சல் அங்கேயே போய்விடும். தண்ணீர் விட்டுத் தீட்டுக்கல்லில் தேய்ப்பது போதும். பனையேறிகள் மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவார்கள். அதைக் கற்றுக்கொண்ட பிறகு நான் கடைக் கல்லை அதிகம் தொடுவதில்லை.

எடுத்துப் போகும் இடம் முக்கியம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் வருகிறது. வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி அரிவாளை வண்டியில் வெளியே தெரியச் செருகிக்கொண்டு போக வேண்டாம். உறைபோட்டு, சாக்கில் சுற்றி, மண்வெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். 2021-ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்பதைக் குறித்துக்கொள்ளும்படி பட்டறைகளிடம் சொன்னது. ஆசாரி கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். கரைவெட்டிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அது சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதமாகவே எண்ணுகிறது, எழுத்துமூல அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுபோவது குற்றம். காப்புக்காட்டில் பச்சைக் கிளையை வெட்டுவதும் அப்படியே. நான் பிள்ளைகளைப் பழக்குவது எங்கள் சொந்தக் கொல்லையில்தான். வெட்டச் சொல்வதும் சீமைக்கருவேலத்தை மட்டும்தான். எவ்வளவு வெட்டினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

பட்டறைக்கு எப்போது போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைக்கு முன் போகாதீர்கள். அறுவடைக் கருக்கரிவாளுக்குப் பல் வெட்டவே ஆசாரிக்கு நேரம் போதாது, உங்கள் வேலை அவசரத்தில் முடியும். மாசி, பங்குனியில் உலை ஓய்வாக இருக்கும். பட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அட்டையில் கத்தியின் உருவத்தை முழு அளவில் வெட்டி எடுத்துப் போங்கள், உங்கள் கையை அவருக்குக் காட்டுங்கள். பேரம் பேசாதீர்கள். நிறம் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச்சும் கொடுக்காதீர்கள்.