விஞ்ஞானமும் வாசிப்பும் ஒரே பாடவேளையில்

ஆரம்பப் பள்ளியில் நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது விஞ்ஞானப் பாடம்தான். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு வந்த கல்விச் சட்டம், 3 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் தேர்வு வைத்தது. பல பள்ளிகளில் விஞ்ஞான நேரம் சுருங்கிற்று. இரண்டையும் ஏன் போட்டியிட விடவேண்டும், இணைத்தே கற்பிக்கலாமே என்றனர் பெர்க்லி நகரின் லாரன்ஸ் விஞ்ஞானக் கூடத்தார்.

செய், பேசு, வாசி, எழுது என்பதே அவர்கள் முறை. ஒளியைப் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். சிறுமி டார்ச் விளக்கைக் கண்ணாடி மீதும், கறுப்புத் துணி மீதும், எண்ணெய் தடவிய தாள் மீதும் அடித்துப் பார்க்கிறாள். கண்டதைத் தோழியிடம் சொல்ல வரும்போது வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறாள். ஆசிரியை அப்போதுதான் ‘எதிரொளித்தல்’, ‘உட்கவர்தல்’ என்னும் சொற்களைத் தருகிறார். பிறகு புத்தகத்தில் அச்சொற்களைக் காணும்போது அவை அவளுக்குப் பழகிய முகங்கள்! இறுதியில், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குச் சான்று காட்டி எழுத வேண்டும். இதுவே கடினமான படி என்பேன். மனப்பாடம் இங்கே செல்லாது.

பலன் என்ன? நான்காம் வகுப்பு ஆசிரியர்கள் 94 பேரின் வகுப்புகளில் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. அதே பாடத்தை வழக்கமான முறையில் கற்றவர்களைவிட, இணைத்துக் கற்ற பிள்ளைகள் விஞ்ஞான அறிவிலும், சொல்வளத்திலும், எழுத்திலும் அதிகம் முன்னேறினர். விஞ்ஞான நூல்களை வாசிப்பதில் மட்டும் இருசாராரும் ஏறக்குறைய சமம். ‘சோதனை, சோதனை என்று வாசிப்பு கெட்டுவிடாதா?’ என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.