கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள்

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்தின் உப்பலுக்கு வந்து, முதல் குழந்தையைப் பெற்று, துணைக்கு வந்த அம்மாவும் மூன்றாம் மாதம் ஊருக்கு ரயிலேறிவிட, கையைப் பிசைந்து நிற்கும் இளம் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதல் மூன்று வருடம் திரும்ப வராது. பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். மூன்று வயதுக்குள் 80 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. நரம்பு அணுக்களுக்கு இடையே இணைப்புகள் மளமளவென்று உருவாகும் காலம் இது. ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை நிலைப்பதும், நடக்காதது புல் மூடிப்போவதும் போல, பயன்படும் இணைப்பு வலுப்படும், பயன்படாதது உதிரும்.

2. குழந்தை 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். உதடு குவியும், கால் உதைக்கும், அடுத்த 'ங்கா' வரும். அதுதான் முதல் உரையாடல். 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர், கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மார்களைச் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தைகள் சிரித்துப் பார்த்தன, கையை நீட்டின. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதன. போனில் மூழ்கிய முகமும் குழந்தைக்கு அப்படித்தான். பால் கொடுக்கும்போது போனைத் தள்ளி வையுங்கள்.

3. அழுதால் தூக்குங்கள். 'தூக்கித் தூக்கிப் பழக்காதே' என்பார்கள். கைக்குழந்தைக்கு அது பொருந்தாது. தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. தேற்றுவாரில்லாமல் நாள்தோறும் நீளும் பதற்றம் வளரும் மூளைக்குக் கெடுதல். உங்களுக்கே பொறுமை தீர்ந்துவிட்டால் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். மூளையில் ரத்தம் கசியலாம்.

4. வேலைக்குப் போகக் குழந்தையைக் காப்பகத்தில் விடுவதானால், சுவரில் வரைந்த பொம்மைகளைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள், தினமும் அதே ஆயாதானா, அழுதால் யார் எழுந்து வருகிறார்கள் என்று பாருங்கள். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், ஆதரவற்றோர் விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களே நன்றாகத் தேறினார்கள். சோறும் துணியும் விடுதியிலும் கிடைத்தன. தன்னுடையவர் என்று ஒருவர்தான் இல்லை. இன்னொன்று: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-இல் வந்த சட்டத் திருத்தம். கேட்டுப் பெறுங்கள்.

5. வீட்டில் தமிழ், ஆயாவிடம் தெலுங்கு, பக்கத்து வீட்டில் இந்தி என்றால் குழந்தை குழம்பாது. ஆனால் மொழி ஆளிடமிருந்து வர வேண்டும். பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பேசியவரிடம் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே வீடியோவில் பார்த்தவை கற்கவில்லை. இரண்டு வயதுவரை திரை வேண்டாம். ஒரு வயதாகியும் மழலை இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி, காதையும் பரிசோதியுங்கள்.

6. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு பருப்பு, கீரை, முட்டை என்று இரும்புச்சத்துள்ள உணவைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் மூளை வளர்ச்சி பின்தங்கும். அங்கன்வாடியில் பெயரைப் பதியுங்கள். வெளியூர்க்காரர் என்று கூச்சப்படாதீர்கள்.

7. அப்பாக்களே, ராயதுர்கத்து அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். காலைக் குளியலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 'இது கை, இது முழங்கால்' என்று சொல்லிச் சொல்லி எண்ணெய் தேயுங்கள். நாள் தவறாமல் நடக்கும் இந்தப் பத்து நிமிடம் பிள்ளைக்குப் பெரிய சொத்து.

8. தாயின் மனதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால் அது நோய். திட்டித் தீராது, மருத்துவத்தில் தீரும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

9. காசில்லை என்று கலங்காதீர்கள். ஜமைக்காவில் 1980களில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் என இரண்டு வருடம் போய், கையால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து விளையாடத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்து, அந்த உதவி கிடைக்காத சக குழந்தைகளைவிட அவர்கள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். உங்கள் வீட்டுக் கிண்ணமும் கரண்டியும் போதும். இன்று இரவே பிள்ளையோடு தரையில் உட்காருங்கள்.