ஊசியா, கடலையா?

வயிற்றில் மூன்றிலொரு பங்கே ஆகாரத்துக்கு என்று மத்ரஸாவில் படித்தோம்; கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்தோம். இப்போது தேகம் இளைக்க வாரம் ஓர் ஊசி என்கிறார்கள்.

பேச்சு பொய்யல்ல. 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், ஆகாரக் கட்டுப்பாட்டோடு செமக்ளூடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரி 100-க்கு 15 பங்கு எடை குறைந்தனர். நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது.

சாப்பிட்டபின் 'போதும்' என்று சொல்லக் குடலே சுரக்கும் சுரப்பின் நகல்தான் அம்மருந்து. நார்ச்சத்தைப் பெருங்குடற் கிருமிகள் புளிக்கவைக்கும்போதும் அச்சுரப்பு சிறிது தூண்டப்படுகிறது. சிறிதுதான், ஆகையால் டாக்டர் கொடுத்த ஊசியைக் கடலையை நம்பி நிறுத்த வேண்டாம். ஊசியால் வரும் மலச்சிக்கலுக்கும் நார் உதவும்.

வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் நார் 7 கிராமுக்கு மேல். வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூட இல்லை. மூட்டை மூட்டையாகக் கடலை விற்கிறோம், தின்பதோ சோறு! தண்ணீருடன் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும்.